ஒரே ஜாக், ஆறு சேனல்: கேமிங் லேப்டாப்பில் 5.1 ஸ்பீக்கரை முறையாக இணைப்பது

5.1 ஸ்பீக்கர் செட்டைப் பிரித்தால் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று 3.5 மி.மீ. பின்கள் இருக்கும். கேமிங் லேப்டாப்பின் ஓரத்தில் இருப்பதோ ஒரே ஒரு ஹெட்செட் ஜாக். கடையில் கேட்டால் ஒன்றை மூன்றாக்கும் ஸ்ப்ளிட்டரை எடுத்துக் கொடுப்பார்கள். அதை மாட்டினால் ஐந்து ஸ்பீக்கரும் சப்வூஃபரும் பாடத்தான் செய்யும். பாட்டு கேட்பவருக்குக் குறை எதுவும் தெரியாது. விளையாடுபவருக்குத் தெரியும்: எதிரி முதுகுக்குப் பின்னால் ஓடி வருகிறான், அவனுடைய காலடிச் சத்தம் முன்னாலும் பின்னாலும் ஒரே அளவில் கேட்கிறது. எல்லாப் பெட்டியிலும் சத்தம் வருகிறது, திசை மட்டும் வருவதில்லை.

காரணம் எளிமையானது. விளையாட்டு ஆறு தனித்தனி சேனல்களை உருவாக்கக் கூடியது. அவை ஸ்பீக்கரை அடையும் வழியில் ஏதாவது ஓர் இணைப்பு இரண்டு சேனலைத்தான் தாங்கும் என்றால், ஆறும் அங்கேயே இரண்டாகச் சுருங்கிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு விலை கொடுத்து ஆம்ப் வாங்கி வைத்தாலும் தொலைந்த நான்கும் திரும்பி வராது. ஆகவே எந்த வயரை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால், இரண்டாகச் சுருங்கும் இடம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பணம் வீணாவது இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதால்தான்.

ஜாக்கில் இருப்பதே இரண்டு சேனல்

ஹெட்செட் பின்னை உற்றுப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையங்கள் அதை நான்கு உலோகப் பகுதிகளாகப் பிரித்திருக்கும். நுனி இடது சேனல், அடுத்தது வலது, மூன்றாவது கிரவுண்ட், அடிப்பகுதி மைக். ஒலி வெளியேறுவதற்கு இருப்பவை இரண்டே தொடுமுனைகள். ஸ்ப்ளிட்டர் அந்த இரண்டையே மூன்று நகல் எடுக்கிறது. அதனால்தான் பின்பக்க ஸ்பீக்கரில் முன்பக்கத்துச் சத்தமே வருகிறது. சென்டரில் வர வேண்டிய வசனத்துக்குப் பதில் இடது சேனல் மட்டும் வருகிறது. சப்வூஃபருக்கு வலது சேனல் முழுசாகப் போகிறது.

டெஸ்க்டாப் மதர்போர்டில் இந்தப் பிரச்சினை இல்லை. பச்சை முன்பக்கத்துக்கு, கறுப்பு பின்பக்கத்துக்கு, ஆரஞ்சு சென்டருக்கும் சப்வூஃபருக்கும் சேர்த்து. ஜாக்குக்கு இரண்டு சேனல் வீதம் மூன்று ஜாக்கில் ஆறு. பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று மூன்றே ஜாக் உள்ள போர்டில்கூட ரியல்டெக் (ஒலிச் சிப்) டிரைவர் நீல ஜாக்கைப் பின்பக்கத்துக்கும் இளஞ்சிவப்பை சென்டர்-சப்புக்கும் மாற்றிக் கொடுக்கும். தடித்த பழைய கேமிங் லேப்டாப்களில் சிலவற்றில் மைக், ஹெட்ஃபோன், லைன் என்று தனித்தனி ஜாக்குகள் இருந்தன. அவற்றிலும் இதே மாற்றம் செய்ய முடிந்தது. உங்கள் லேப்டாப்பில் அப்படி மூன்று ஜாக் இருந்தால், வேறு எதையும் வாங்குவதற்கு முன் ரியல்டெக் ஆடியோ கன்சோலைத் திறந்து 5.1 கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒற்றை ஜாக் என்றால் அந்தக் கதவு மூடியது. எந்த டிரைவரும் எந்த மென்பொருளும் அதைத் திறக்காது.

புளூடூத் வழியும் அப்படித்தான். பாட்டுக்கான புளூடூத் இணைப்பு ஸ்டீரியோவை மட்டுமே அனுப்புகிறது. பெட்டியில் "புளூடூத் 5.1 ஹோம் தியேட்டர்" என்று அச்சிட்டிருந்தால், வந்து சேர்ந்த இரண்டு சேனலை அந்த ஆம்ப் ஐந்தாகப் பரப்புகிறது என்று பொருள். தாமதம் வேறு இருக்கிறது. திரையில் துப்பாக்கி வெடித்த பிறகு சத்தம் வரும். விளையாட்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஆறாகப் பிரிப்பது யார்?

விண்டோஸ் எக்ஸ்பி காலம்வரை முப்பரிமாண ஒலியைக் கணக்கிடுவதில் சவுண்ட் கார்டுக்கே பெரிய பங்கு இருந்தது. விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் அந்த வன்பொருள் பாதையை எடுத்துவிட்டது. இன்று அந்த வேலை முழுவதும் சிபியுவில், விளையாட்டின் ஒலி எஞ்சினுக்குள் நடக்கிறது. தொடங்கும்போதே எஞ்சின் விண்டோஸைக் கேட்கிறது: இந்த ஸ்பீக்கர் எத்தனை சேனல்? ஸ்டீரியோ என்று பதில் வந்தால் எல்லாவற்றையும் இரண்டாகக் கலக்கிவிடும். 5.1 என்றால் ஆறு தனிச் சேனலாகக் கொடுக்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். ஒன்று, விண்டோஸில் 5.1 அமைத்த பிறகே விளையாட்டைத் திறக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றினால் பல விளையாட்டுகள் கவனிப்பதே இல்லை. இரண்டு, ஆறு சேனலை அனலாக்காக மாற்றி வெளியே தருவதற்குப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. விலை உயர்ந்த கார்டில் சுத்தமான ஒலியும் நல்ல மென்பொருளும் கிடைக்கும். திசையைப் பொறுத்தவரை, ஒழுங்காக ஆறு சேனல் தரும் எளிய கார்டும் அதே வேலையைத்தான் செய்கிறது.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் அசெம்பிள் செய்து வாங்கும் ஆம்ப்கள் வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். "புரோலாஜிக் போர்டு" என்று விற்கப்படும் மலிவான போர்டுகள் ஸ்டீரியோவை வாங்கி, இடதிலிருந்து வலதைக் கழித்துப் பின்பக்கத்துக்கும், இரண்டையும் கூட்டி சென்டருக்கும், அதையே வடிகட்டி சப்புக்கும் அனுப்புகின்றன. பெரும்பாலும் 4558 ஐசிகளைக் கொண்டு செய்த எளிய சுற்று அது. பழைய பாடல்களுக்கு அது நிஜமாகவே இனிமை சேர்க்கும். ஆனால் பின்னால் வலப்பக்கம் ஒரு கதவு திறந்தது என்ற தகவல் அதற்குள் போவதே இல்லை, பிறகு எப்படி வெளியே வரும்? அதே ஆம்பில் ஆறு ஆர்சிஏ (வட்டமான ஆடியோ சாக்கெட்) உள்ளீடு இருந்தாலோ, டால்பி, டிடிஎஸ் என்ற சுருக்கிய சரவுண்ட் ஒலியைப் பிரிக்கும் டிகோடர் போர்டும் ஆப்டிகல் (ஒளி இழை) உள்ளீடும் இருந்தாலோ கதை வேறு. ஆம்பைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். லேப்டாப்பில் என்ன இருக்கிறது என்பதைவிட ஆம்பின் முதுகில் என்ன இருக்கிறது என்பதே வழியைத் தீர்மானிக்கிறது.

மூன்று பின் அல்லது ஆறு ஆர்சிஏ: யுஎஸ்பி சவுண்ட் கார்டு

நம் வீடுகளில் அதிகம் இருப்பது இந்த வகை ஸ்பீக்கர்தான். இதற்குத் தேவை வெளியே வைக்கும் யுஎஸ்பி சவுண்ட் கார்டு.

வாங்கும்போது பெட்டியில் உள்ள எழுத்தைப் பார்க்காதீர்கள், ஜாக்குகளை எண்ணுங்கள். விரல் நீளத்தில் "7.1 சேனல்" என்று எழுதி, ஒரு ஹெட்ஃபோன் ஜாக்கும் ஒரு மைக் ஜாக்கும் மட்டும் வைத்து விற்கும் குச்சிகள் சந்தையில் ஏராளம். அவை தருவது ஸ்டீரியோதான். 7.1 என்பது ஹெட்ஃபோனுக்கான மென்பொருள் பாவனை. உண்மையான 5.1 கார்டில் ஒலி வெளியேற மட்டும் மூன்று 3.5 மி.மீ. ஜாக்குகளோ ஆறு ஆர்சிஏக்களோ இருந்தாக வேண்டும். மலிவான பெட்டிகளில் சி-மீடியா நிறுவனத்தின் சிஎம்6206 சிப் இருக்கும். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு சேனல்வரை தரும். கொஞ்சம் மேலே போனால் கிரியேட்டிவின் சவுண்ட் பிளாஸ்டர் எக்ஸ்4 போன்றவை. முன், பின், பக்கவாட்டு, சென்டர்-சப் என்று தனித்தனி ஜாக்குகள் அதில் உண்டு.

யுஎஸ்பி 3 போர்ட்டில்தான் மாட்ட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தேவையில்லை. 48,000 மாதிரி, 16 பிட், ஆறு சேனல் என்று பெருக்கினால் நொடிக்கு 46 லட்சம் பிட்தான். பழைய யுஎஸ்பி 1.1-இன் 1.2 கோடி பிட் வேகத்திலேயே அது அடங்கிவிடும். போர்ட்டின் வேகத்தைவிட, ஹப் வழியாகப் போகாமல் நேராக லேப்டாப்பில் மாட்டுவதுதான் முக்கியம். ஒரு முறை மாட்டிய போர்ட்டை மாற்றவும் வேண்டாம். வேறு போர்ட்டில் செருகினால் பல கார்டுகளை விண்டோஸ் புதிய சாதனமாகவே எடுத்துக்கொண்டு மறுபடி ஸ்டீரியோவில் வைத்துவிடும். நேற்று வேலை செய்தது இன்று ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்குப் பல நேரம் இதுதான் பதில்.

கார்டை மாட்டி, டிரைவர் ஏறிய பின் செய்ய வேண்டியது: கன்ட்ரோல் பேனலில் சவுண்ட் என்ற பழைய ஜன்னலைத் திறங்கள். விண்டோஸ் 11-இல் சவுண்ட் அமைப்புகளின் அடியில் "மோர் சவுண்ட் செட்டிங்ஸ்" என்று இருக்கும். பிளேபேக் பட்டியலில் யுஎஸ்பி கார்டைத் தேர்ந்து, டிஃபால்ட் ஆக்கி, "கான்ஃபிகர்" அழுத்துங்கள். அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தாலோ ஸ்டீரியோ மட்டும் காட்டினாலோ, ஒன்று கார்டு உண்மையில் இரண்டு சேனல்தான், அல்லது தவறான சாதனத்தைத் தேர்ந்திருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் ரியல்டெக்கும் அதே பட்டியலில் "ஸ்பீக்கர்ஸ்" என்ற அதே பெயரில் நிற்கும், கவனம்.

பட்டியலில் "5.1 சரவுண்ட்" என்று இரண்டு முறை இருக்கலாம். எழுத்து ஒன்றாகவே இருந்தாலும் படம் வேறு. ஒன்றில் சரவுண்ட் ஸ்பீக்கர்கள் கேட்பவரின் பக்கவாட்டில், இன்னொன்றில் பின்னால். கார்டு கறுப்பு ஜாக்கைப் பின்பக்கம் என்று வைத்திருக்க, நீங்கள் பக்கவாட்டுப் படத்தைத் தேர்ந்தால், சில விளையாட்டுகளில் பின்சத்தம் அப்படியே காணாமல் போகும். டெஸ்டில் சத்தம் வந்தும் விளையாட்டில் வரவில்லை என்றால் முதலில் இதை மாற்றிப் பாருங்கள்.

பிறகு டெஸ்ட். படத்தில் உள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியாகத் தட்டி, சரியான பெட்டியில் சத்தம் வருகிறதா என்று காதை அருகில் வைத்தே கேளுங்கள். சென்டரைத் தட்டும்போது சப் மட்டும் முனகி, சப்பைத் தட்டும்போது சென்டர் கரகரத்தால், ஆரஞ்சு ஜாக்கின் இரண்டு சேனலும் இடம் மாறியிருக்கின்றன. ஸ்பீக்கர் தயாரிப்பாளர்கள் எல்லோரும் ஒரே வரிசையைப் பின்பற்றுவதில்லை. டிரைவரில் சென்டர், சப்வூஃபரை இடம் மாற்றும் தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். ஆர்சிஏ வயர் என்றால் வெள்ளையையும் சிவப்பையும் மாற்றிச் செருகினாலே போதும். ஆம்பில் ஆறு ஆர்சிஏ உள்ளவர்களுக்கு, ஒரு முனையில் 3.5 மி.மீ. பின்னும் மறுமுனையில் இரண்டு ஆர்சிஏவும் உள்ள வயர் மூன்று வேண்டும்.

அடுத்த திரையில் "ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர்ஸ்" என்று கேட்கும். உள்ளங்கை அளவுப் பெட்டிகள் என்றால் டிக்கை எடுத்துவிடுங்கள். டிரைவரில் பாஸ் மேலாண்மை இருந்தால் சின்னப் பெட்டிகளால் தாங்க முடியாத ஆழ்ந்த ஒலி சப்வூஃபருக்குத் திருப்பப்படும். எல்லா டிரைவரும் இதைச் செய்வதில்லை. டிக்கை எடுத்தும் வெடிச்சத்தம் சப்பில் ஏறவில்லை என்றால், கார்டின் சொந்த மென்பொருளில் ஆழ்ந்த ஒலியைச் சப்புக்குப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் என்ற அமைப்பைத் தேடுங்கள்.

கடைசியாக, விண்டோஸ் சோனிக், ஹெட்ஃபோனுக்கான டால்பி அட்மாஸ் போன்ற ஸ்பேஷியல் ஒலிகளை அணைத்து வையுங்கள். விளையாட்டுக்குள்ளே இருக்கும் ஹெட்ஃபோன் 3டி, எச்ஆர்டிஎஃப் தேர்வுகளையும் அணையுங்கள். அவை இரண்டு காதுக்கு ஆறு திசையைப் பாவிப்பவை. உண்மையாகவே ஆறு ஸ்பீக்கர் இருக்கும்போது அவை குழப்பத்தையே தரும். லேப்டாப்போடு வரும் ஒலி மேம்பாட்டு மென்பொருள்களும் சில சமயம் நடுவில் நுழைந்து எல்லாவற்றையும் ஸ்டீரியோவாக்கிவிடும்.

ஆப்டிகல்: படத்தில் வரும், விளையாட்டில் வராது

ஆப்டிகல் வயரைப் பற்றி இருக்கும் குழப்பம் அளவுக்கு வேறு எதிலும் இல்லை. "டிஜிட்டல் வயர்தானே, 5.1 போகும்" என்று கடைக்காரர் சொல்வதில் பாதிதான் உண்மை. எஸ்/பிடிஃப் என்ற இந்த முறை வகுக்கப்பட்டதே இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்கப்படாத டிஜிட்டல்) ஒலிக்கு. ஆறு சேனலைச் சுருக்காமல் அனுப்ப அதில் இடம் கிடையாது. டால்பி டிஜிட்டலாகச் சுருக்கினால் அதே ஆறு சேனல் நொடிக்கு அதிகபட்சம் 640 கிலோபிட்டில் அடங்கிவிடும். டிடிஎஸ் என்றால் சுமார் 1.5 மெகாபிட். இரண்டும் ஆப்டிகலில் தாராளமாகப் போகும்.

சினிமாக் கோப்பில் டால்பி டிஜிட்டல் ஏற்கெனவே சுருக்கிய நிலையில் இருக்கிறது. பிளேயர் அதை அப்படியே அனுப்ப, ஆம்ப் பிரித்துக்கொள்கிறது. ஆகவே படத்தில் 5.1 வரும். விளையாட்டின் ஒலியோ அந்த நொடியில் பிறப்பது, சுருக்கப்படாத பிசிஎம். அதை உடனுக்குடன் சுருக்க டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் வசதி கார்டில் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஆப்டிகலில் மாட்டினால் படம் ஐந்து ஸ்பீக்கரில் பேசும், விளையாட்டு இரண்டில் மட்டும். பெரும்பாலான கேமிங் லேப்டாப்களில் இன்று ஆப்டிகல் வெளியீடே கிடையாது என்பதால், எப்படியும் யுஎஸ்பி கார்டு வாங்குவீர்கள். அதன் விவரத்தில் டால்பி டிஜிட்டல் "டிகோட்" என்று இருக்கிறதா, "லைவ்" அல்லது "என்கோட்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். நமக்குத் தேவை இரண்டாவது. வாங்கிய பின் அதை கார்டின் மென்பொருளிலோ, சாதனத்தின் அட்வான்ஸ்டு பக்கத்தில் டிஃபால்ட் ஃபார்மட் பட்டியலிலோ தேர்ந்தெடுக்க வேண்டும். தானாக இயங்காது.

இதற்கு ஒரு விலை உண்டு. டால்பி டிஜிட்டலின் ஒரு ஃபிரேம் 1,536 மாதிரிகள் கொண்டது. 48 கிலோஹெர்ட்ஸில் அது 32 மில்லிநொடி. அந்த அளவு ஒலி சேர்ந்த பிறகே சுருக்க முடியும். பிறகு ஆம்பில் பிரிக்கும் நேரம் வேறு. கதை சார்ந்த விளையாட்டுகளில் இது உறுத்தாது. வேகமான துப்பாக்கிச் சண்டையில் கூர்ந்த காதுக்குத் தெரியும். லாஜிடெக் இசட்906 போல ஆப்டிகலும் ஆறு சேனல் நேரடி அனலாக் உள்ளீடும் ஒன்றாக இருக்கும் செட்டில், விளையாட்டுக்கு மூன்று பின் வழியையே பயன்படுத்தலாம். ஆப்டிகலை டிவிக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஹெச்டிஎம்ஐ: நல்ல வழி, ஆனால் வரிசை முக்கியம்

ஹெச்டிஎம்ஐ உள்ள ஏவி ரிசீவர் (டிகோடரும் ஆம்பும் ஒன்றாக உள்ள பெட்டி) இருந்தால் வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. எட்டு சேனல்வரை சுருக்கப்படாத பிசிஎம் ஒரே வயரில் போகும். சுருக்குவதற்கான தாமதம் இல்லை. ஒலியைத் தருவது கிராஃபிக்ஸ் சிப் என்பதால் பிளேபேக் பட்டியலில் என்விடியா, ஏஎம்டி அல்லது இன்டெல் பெயரில் சாதனம் தெரியும். தெரியவில்லை என்றால், கிராஃபிக்ஸ் டிரைவரை ஏற்றும்போது எச்டி ஆடியோ என்ற பகுதியைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். யுஎஸ்பி-சி வழியாக ஹெச்டிஎம்ஐ எடுப்பவர்கள், அந்தப் போர்ட் திரைச் சிக்னல் தருவதுதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். எல்லா யுஎஸ்பி-சியும் தருவதில்லை.

ஹெச்டிஎம்ஐயில் மறுமுனையில் உள்ள சாதனம், தன்னால் என்ன முடியும் என்று லேப்டாப்புக்குச் சொல்கிறது. இடிஐடி என்பது அந்தத் தகவல். லேப்டாப்பை நேராக மானிட்டரில் மாட்டினால் மானிட்டர் "நான் ஸ்டீரியோ" என்கிறது. அவ்வளவுதான், விண்டோஸ் 5.1-ஐக் காட்டவே காட்டாது. லேப்டாப்பிலிருந்து ரிசீவர், ரிசீவரிலிருந்து டிவி என்ற வரிசைதான் சரி. ரிசீவர் அணைந்திருக்கும்போது லேப்டாப்பை ஆன் செய்தால், பாஸ்-த்ரூ வழியாக டிவியின் தகவலே போய்ச் சேர்ந்து அமைப்பு மறுபடி ஸ்டீரியோவாகும். ரிசீவரை முதலில் ஆன் செய்வது நல்ல பழக்கம். ரிசீவர் மெனுவில் ஹெச்டிஎம்ஐ ஒலி எங்கே போக வேண்டும் என்ற தேர்வில் டிவி என்று இருந்தாலும் இதே கதிதான். ஆம்ப் என்று மாற்றுங்கள்.

லேப்டாப்பை டிவியில் மாட்டி, டிவியிலிருந்து ஏஆர்சி (ஹெச்டிஎம்ஐ வயரிலேயே ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்கு ஒலியைக் கொண்டுவருவது இன்னொரு முறை. பழைய ஏஆர்சி ஆப்டிகலைப் போலத்தான், பிசிஎம் என்றால் ஸ்டீரியோ மட்டும். டிவி, ரிசீவர் இரண்டிலும் அதன் புதிய வடிவமான இஏஆர்சி இருந்தால் ஆறு சேனல் பிசிஎம் போகும். ஒன்றில் மட்டும் இருந்து பயனில்லை.

இந்த வரிசையில் ஒரு சிக்கல் உண்டு. ரிசீவர் ஹெச்டிஎம்ஐ 2.0 என்றால் அதன் வழி நொடிக்கு 18 கிகாபிட்தான் போகும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு அது சரி, 4கே 120-க்குப் போதாது. வேகமான மானிட்டரை நேராக லேப்டாப்பில் இன்னொரு போர்ட்டில் மாட்டி, ரிசீவருக்கு ஒலிக்காக மட்டும் ஹெச்டிஎம்ஐ கொடுக்கலாம். லேப்டாப் திரையிலேயே விளையாடுபவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். ஆனால் ஹெச்டிஎம்ஐயில் படம் இல்லாமல் ஒலி போகாது. விண்டோஸ் ரிசீவரை இரண்டாவது திரையாகவே பார்க்கும். அதைத் துண்டித்தால் ஒலியும் போய்விடும். "டூப்ளிகேட்" வைத்தால் முதன்மைத் திரையின் ரெசல்யூஷனோ ரெஃப்ரெஷ் வேகமோ இறங்கக்கூடும். "எக்ஸ்டெண்ட்" வைத்து, டிஸ்பிளே அமைப்பில் அந்தப் பொய்த் திரையை முதன்மைத் திரையின் ஒரு மூலையை மட்டும் தொடும்படி குறுக்காக நகர்த்துங்கள். மவுஸ் அம்பு தவறி அங்கே போய் மறையாது.

ரிசீவர் இல்லை, பழைய மூன்று பின் செட்தான், ஆனாலும் ஹெச்டிஎம்ஐ வழிதான் வேண்டும் என்பவர்களுக்கு ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் பெட்டிகள் கிடைக்கின்றன. இவற்றை நான் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். பலவற்றில் ஒரே ஒரு ஸ்டீரியோ ஜாக்தான் இருக்கும். ஆறு அனலாக் வெளியீடு உள்ளவற்றிலும் சில டால்பி, டிடிஎஸை மட்டும் பிரித்து, விளையாட்டு அனுப்பும் ஆறு சேனல் பிசிஎம்மை விட்டுவிடும். விவரத்தில் பிசிஎம் 5.1-ஐ அனலாக்காக மாற்றும் என்று தெளிவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். அதன் மேல் உள்ள சின்ன சுவிட்சை 5.1 நிலைக்குத் தள்ள மறக்க வேண்டாம்.

உர்ர் என்ற சத்தம்

எல்லாம் சரியாக அமைந்த பிறகு, சத்தமே ஓடாத நேரத்திலும் ஸ்பீக்கரில் தாழ்ந்த உறுமல் கேட்கிறதா? சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி மின் இணைப்பின் எர்த் பாதை. நிற்கவில்லை என்றால் ஆம்பிலோ வயரிலோ தேடுங்கள்.

கேமிங் லேப்டாப் சார்ஜர்களில் பெரும்பாலும் எர்த்துடன் மூன்று பின். ரிசீவர், டிவி, கேபிள் அல்லது டிஷ் வயர் என்று வேறொரு பக்கமும் எர்த் சேர்ந்தால், இரண்டு எர்த்துக்கும் இடையிலுள்ள சின்ன மின்னழுத்த வேறுபாடு ஆடியோ வயரின் கிரவுண்டில் ஓடி 50 ஹெர்ட்ஸ் உறுமலாக வருகிறது. எல்லாச் சாதனத்தையும் ஒரே ஸ்பைக் கார்டில் (எக்ஸ்டென்ஷன் பெட்டியில்) மாட்டினால் பல வீடுகளில் இது தீர்ந்துவிடும்.

இன்னொரு காரணம் ஆபத்தானது. சுவரில் மூன்று ஓட்டை இருந்தும் உள்ளே எர்த் வயர் வேலை செய்யாத வீடுகள் நம் ஊரில் நிறைய. அப்போது சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் வழியாக லேப்டாப்பின் உலோகப் பாகம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அழுத்தத்தில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது. சார்ஜ் ஏறும்போது உலோக மூடியை விரலின் பின்பக்கத்தால் மெல்லத் தடவினால் எறும்பு ஊர்வது போன்ற அதிர்வு தெரியும். அந்தக் கசிவுதான் ஆடியோ வயரிலும் நுழைகிறது. எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிசெய்வதே இதற்கு மருந்து. உறுமல் நிற்கிறது என்பதற்காக எர்த் பின்னை வெட்டுவதும், இரண்டு பின் கன்வெர்ட்டரில் மாட்டுவதும் கூடவே கூடாது. உள்ளே பழுது ஏற்படும் நாளில் உயிரைக் காக்க இருப்பது அந்தப் பின் ஒன்றுதான்.

கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போடலாம், ஆனால் அனலாக் 5.1-க்கு மூன்று வேண்டும். மலிவானவற்றின் உள்ளே இருக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் ஆழ்ந்த பாஸைத் தின்றுவிடும், சப்வூஃபர் வயரில் அது நன்றாகவே தெரியும். ஆப்டிகல் இழையில் மின்சாரமே ஓடாததால் அங்கே உறுமல் நுழைய வழியில்லை.

உறுமல் இல்லாமல், விளையாட்டு ஓடும்போது மட்டும் படபடவென்று சத்தம் உடைந்தால் அது வேறு நோய். பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள், வைஃபை மற்றும் கிராஃபிக்ஸ் டிரைவர்களைப் புதுப்பியுங்கள். லேட்டன்சிமான் என்ற கருவி எந்த டிரைவர் தாமதிக்கிறது என்று காட்டும்.

வைக்கும் இடம்

முன்பக்க இரண்டும் கேட்பவரின் மூக்கு நேரிலிருந்து 30 டிகிரி இடமும் வலமும் இருக்க வேண்டும். சென்டர் திரைக்குக் கீழே அல்லது மேலே. சரவுண்ட் இரண்டும் 110 டிகிரி வாக்கில், அதாவது காதுக்கு நேர் பக்கவாட்டிலிருந்து சற்றே பின்னால், காது மட்டத்திலோ கொஞ்சம் உயரத்திலோ. நம் அறைகளில் நாற்காலி சுவரை ஒட்டியே இருப்பதால் பலர் சரவுண்டைத் தலைக்கு நேர் பின்னால் ஒன்றாக மாட்டிவிடுகிறார்கள். பின்னால் இடம், வலம் என்ற வேறுபாடு அப்போது அழிந்துவிடும். இடமே இல்லை என்றால் பக்கச் சுவரில் காதுக்கு நேராக மாட்டுவது மேல்.

ஒலி ஒரு மில்லிநொடியில் ஏறக்குறைய 34 செ.மீ. போகும். முன்பக்கம் 2 மீட்டரில், சரவுண்ட் 1 மீட்டரில் என்றால் பின்சத்தம் சுமார் 3 மில்லிநொடி முன்னதாகவே காதை எட்டி, முன்பக்கத்தை அமுக்கும். ரிசீவரில் தூரத்தை டேப் வைத்து அளந்து போடுங்கள். எளிய செட்டில் அந்த வசதி இருக்காது, சரவுண்டின் ஒலியளவைக் குறைத்துச் சமாளிக்கலாம்.

இனி விளையாட்டுக்குள் சோதனை. விடாமல் ஒலிக்கும் ஏதாவது ஒன்று, நெருப்போ அருவியோ ஜெனரேட்டரோ இருக்கும் இடத்துக்குப் போய், நகராமல் நின்றபடி மவுஸால் மெதுவாக இடப்பக்கம் முழுச் சுற்று திரும்புங்கள். சத்தம் சென்டரிலிருந்து முன் வலது, பின் வலது, பின் இடது, முன் இடது என்று அறையைச் சுற்றி வர வேண்டும். பின்னால் போகும்போது காணாமல் போனால் பின், பக்கவாட்டுத் தேர்வு தவறு. இடம், வலம் மட்டும் மாறி முன், பின் மாறவில்லை என்றால் விளையாட்டு இன்னும் ஸ்டீரியோவில்தான் இருக்கிறது. விளையாட்டை மூடி, அமைப்பைச் சரிபார்த்து, மீண்டும் திறங்கள். பின்னால் வலப்பக்கம் வர வேண்டியது பின்னால் இடப்பக்கம் வந்தால், சரவுண்ட் பெட்டிகள் இரண்டையும் ஆம்பில் மாற்றிச் செருகியிருக்கிறீர்கள்.